எண்ணாமல் எழுதிய குரங்குகள்

போன வாரம் கவிதா போன் செய்தாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். மாத அறிக்கையை இனிமேல் காகிதத்தில் அனுப்பக் கூடாதாம், கைப்பேசியில் ஒரு செயலி வந்திருக்கிறதாம். அதில் ‘குரங்குகள்’ என்று ஒரு கட்டம். ‘மெனி’ என்று அடித்தால் கட்டம் சிவக்கிறது. ‘செவரல்’ என்றாலும் சிவப்பு. ‘சம்’ என்று கெஞ்சிப் பார்த்தாளாம், அதற்கும் சிவப்பு.

“நம்பர்தான் வேணுமாம் மேடம். இன்னா போடறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு பதற்றமும். இத்தனை வருஷ வேலையில் முதல் இரண்டு மாதம் தவிர அந்த இடத்தில் நாங்கள் எண் எழுதியதே இல்லை. ஏன் எழுதவில்லை என்று அவளிடம் போனில் சொல்ல ஆரம்பித்தேன், பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

செஞ்சியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மலையும் யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு அள்ள மறந்துபோனது மாதிரி பாறை பாறையாகக் கிடக்கும். பாறைக்கு மேல் பாறை, அதற்கு மேல் கோட்டை, கோட்டைக்கு மேல் வெயில், வெயிலுக்கு மேல் குரங்கு. எண்ண உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அந்த மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்களும் விளக்கம் கேட்பார்கள்.

என் வேலை ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது. அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படித்தேன், தட்டச்சில் ஹையர் முடித்தேன், பக்கத்திலுள்ள எங்கள் ஊர் அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மாதா மாதம் விழுந்த கல், முளைத்த முள், உடைந்த படி, தேன்கூடு, குரங்கு என்று ஐந்து தலைப்பில் எழுத வேண்டும். அது முதலில் நகரத்தில் இருக்கிற நடு அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து வடக்கே மேலிடத்துக்கு. மேலிடத்துக்குத் தமிழ் தெரியாது, மலையும் தெரியாது.

என் மேலதிகாரி தரணேந்திரன் சார். பரம்பரையாக இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் குடும்பம். ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, எறும்பு போகிற வழியில் காலை எடுத்து வைக்க யோசிக்கிற மனிதர். பொழுது சாய்ந்த பின் சாப்பிட மாட்டார். ஊர் தூரம், பஸ்ஸை நம்ப முடியாது. ஆகவே ராத்திரிச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து சாயங்காலம் அலுவலகத்திலேயே முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். பஞ்சாங்கத்து அஸ்தமனம் அவருக்குப் போதாது. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டால் போனதுதான் என்பார். மலை உயரமாக இருப்பதால் எங்கள் அலுவலகத்தில் பொழுது கொஞ்சம் முன்னாலேயே சாய்ந்துவிடும். எங்கள் எல்லாக் காகிதமும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆர்வக் கோளாறில், நான் மலையேறி எண்ணி ‘நாற்பத்து மூன்று குரங்குகள்’ என்று எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த மாதமும் எண்ணினேன், நாற்பத்தொன்று. அதையும் எழுதினேன். பதினைந்தாம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. போன மாத இருப்பில் இரண்டு குறைகிறது, குறைந்த இரண்டும் எங்கே, பொறுப்பாளர் யார், விளக்கம் தேவை.

சாரும் நானும் மலையேறினோம். ஏழு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு குரங்கைத் தேடிக்கொண்டு இரண்டு அரசு ஊழியர்கள். களஞ்சியத்தில் பார்த்தோம், சுனையில் பார்த்தோம். எந்தக் குரங்கைப் பார்த்தாலும் அது ஏற்கெனவே எண்ணியதாகவே இருந்தது. இறங்கி வந்து, ‘அவ்விரண்டும் காணப்படவில்லை’ என்று எழுதினேன். சார் பேனாவை எடுத்து நடுவில் ஒன்றைச் செருகினார். ‘அவ்விரண்டும் மலையில் காணப்படவில்லை.’ மலையில் என்று தனியாக எதற்கு என்று கேட்டேன். எழுதுவது சரியாக இருக்க வேண்டும் அல்லவா என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றோடு எண்ணுக்கு முழுக்கு. மறுநாள் காலை சார் ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எட்டு ஆங்கிலச் சொற்களைக் கீழிருந்து மேலாக எழுதி இரும்பு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். அதற்கு ஏணி என்று பெயர் வைத்தோம். வருஷக்கணக்கில் அந்த ஏணியில் ஏறி இறங்கித்தான் என் முட்டி தேய்ந்தது என்பேன், மலையில் அல்ல.

அடிப்படியில் ‘நன்’. இல்லவே இல்லை. அதை எழுத விடமாட்டார். இல்லாத ஒன்றுக்கு அலுவலகம் எதற்கு என்று மேலிடம் கேட்டுவிடும். அதற்கு மேல் ‘ஹார்ட்லி எனி’, கண்ணில் பட்டும் படாமலும். அடுத்து ‘ஃபியூ’. அதற்கு மேல் ‘எ ஃபியூ’. இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கைதானே சார் என்று கேட்டேன். எண்ணிக்கை ஒன்றுதான், முகம் வேறு என்றார். கண்டக்டர் உதட்டைப் பிதுக்கி ‘சீட் ரெண்டு மூணுதான் இருக்குது’ என்றால் அது ஃபியூ. அதே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ‘ரெண்டு மூணு சீட் இருக்குது, வா வா’ என்றால் எ ஃபியூ. பிறகு ‘சம்’. அரசு ஊழியருக்காகவே பிறந்த சொல். இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று வாயைத் திறக்காது. ‘செவரல்’ என்றால் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுகிற அளவு. ‘மெனி’ என்றால் சந்தை நாளில் எங்கள் அனந்தபுரம் பஸ். உச்சியில் ‘இன்யூமரபிள்’. அது பாறைகளுக்கு மட்டும்.

ஏணிக்கு வெளியே சில சொற்களுக்கு நிரந்தரத் தடை. ஒருமுறை ‘பிளென்டி’ என்று எழுதிவிட்டேன். சார் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்தார்.

“ஏம்மா செல்வி, பிளென்டின்னா ஆசப்பட்டு வேணுங்கறதுக்குப் போடறது. தண்ணி பிளென்டி, நெல்லு பிளென்டி. கொரங்க நீ ஆசப்பட்டா வளக்கற?”

இப்போது நடு அலுவலகத்தின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே இருந்த அதிகாரி பயந்த சுபாவம். மேலிடம் கலவரப்படக் கூடாது என்று நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு படி இறக்கித்தான் மேலே அனுப்புவார். நாங்கள் ‘மெனி’ என்றால் அவர் ‘செவரல்’ ஆக்குவார், ‘செவரல்’ என்றால் ‘சம்’. திரும்பி வந்த நகல்களைப் பார்த்து சார் இதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரு படி ஏற்றியே எழுதினோம். நாங்கள் ஏற்ற, அவர் இறக்க, மேலிடத்துக்குப் போய்ச் சேரும்போது சொல் சரியாக இருக்கும். பொய் இல்லையா சார் என்று கேட்டதற்கு, கடிகாரம் ஐந்து நிமிஷம் தாமதமாக ஓடும் என்று தெரிந்தால் ஐந்து நிமிஷம் முன்னால் வைப்பது பொய்யா என்றார். வருஷக்கணக்கில் இப்படியே நிம்மதியாக ஓடியது.

அப்புறம்தான் மூக்குக் கண்ணாடி வந்தது.

மேலிடத்திலிருந்து ஒருவர் கோட்டை பார்க்க வந்தார். நுழைவு வாயிலில் புளியமரத்தடியில் அஞ்சலை கூடை போட்டு விற்பாள். வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கல்லில் தட்டினால் கல்லுக்கு வலிக்கும் என்கிற மாதிரி ஒரு பெண்பிள்ளை. எனக்குச் சம வயது. அந்த மனிதர் அவளிடம் வெள்ளரி வாங்கிக் கடித்துக்கொண்டே நான்கு படி ஏறினார். ஐந்தாவது படியில் ஒரு குரங்கு அவருடைய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய், மதில் மேல் உட்கார்ந்து, தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்தது.

ஒரே வாரத்தில் கடிதம். வாயிலில் விற்பவரிடம் குரங்குகள் எந்த அளவுக்குக் கூடுகின்றன. அளவு பெரிதாயின் விற்பவர் அப்புறப்படுத்தப்படுவார். வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

அஞ்சலைக்குச் சொல்லத்தான் வேண்டும். போய்ச் சொன்னேன். அவள் வெள்ளரியை நான்காகப் பிளந்து மிளகாய்த் தூள் தடவிக்கொண்டே கேட்டாள். அப்புறம் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். இந்த நெழல வுட்டா எனக்கு வேற எடம் இன்னா இருக்குது மேடம் என்றாள். அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் ஏற்கெனவே கூடைக்குக் கூடை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாயிலிருந்து வியாழன் வரை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும் என்று சார் உத்தரவு போட்டார். முறை உண்டு. கூடைக்குப் பத்தடிக்குள் வருகிற குரங்குக்கு ஒரு கோடு. ஒரே குரங்கு இரண்டு முறை வந்தால் இரண்டாவது கோடு கூடாது. அதே குரங்குதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதுதான் அவருக்கும் தெரியவில்லை. அஞ்சலைக்குத் தெரிந்திருந்தது.

“குந்து மேடம். தோ வருதே, அத்த எழுதாத. காத்தாலயே வந்துட்டுப் போச்சு. பேரு மேஸ்திரி. தானா ஒண்ணும் செய்யாது, ஓரமா குந்திக்கினு மத்ததுங்கள வேல வாங்கும்.”

கண்ணாடியை எடுத்தது யார் என்று கேட்டேன். அது வாத்தியாராம். கண்ணாடி போட்ட அன்றிலிருந்து அந்தப் பெயராம்.

அவளிடம் ஒரு மூங்கில் கழி இருந்தது. அடிக்க மாட்டாள், தரையில் ஒரு தட்டு தட்டுவாள். பத்தடி என்ன, இருபதடிக்கு அப்பாலேயே எல்லாம் மரியாதையாக நின்றுகொள்ளும். மூன்று நாளில் என் தாளில் விழுந்த கோடுகளை நினைத்தால், ஏணியில் இரண்டாம் படியைத் தாண்டாது. ஹார்ட்லி எனி. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. மூன்று நாளும் சாயங்காலம், வெயில் மஞ்சளாகிற நேரம், மதிலில் மரத்தில் பாறையில் இருந்த குரங்குகள் பலவும் எழுந்து, அவசரமே இல்லாமல், ஷிப்டு மாறுகிற மில் ஆட்கள் மாதிரி ஒரே திசையில் நடந்து போயின. எங்கே போகின்றன என்று வியாழக்கிழமை அஞ்சலையைக் கேட்டேன்.

“உங்க ஆபீசுக்குத்தான். பின்பக்கம். சாருக்கு டிபன் டைம் இல்ல?”

எழுந்து போய்ப் பார்த்தேன். அலுவலகத்தின் பின்ஜன்னல் விளிம்பில் இரண்டு இட்லி. அதைச் சுற்றிலும் ஒரு ஷேர் ஆட்டோ நிறையக் குரங்கு.

திரும்பி வந்து அஞ்சலையிடம், இது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். அப்புறம் ஏன் சொல்லவில்லை, உன்னைத்தானே இங்கிருந்து எழுப்பப் பார்க்கிறார்கள் என்றேன். அவள் மல்லாட்டையைப் பொட்டலம் மடித்துக்கொண்டே, சாரு நல்ல மனுசன், எறும்பப் பாத்து நடக்கறவரு, நான் இன்னாத்துக்கு அவரப் போட்டுக் குடுக்கணும் என்றாள்.

வெள்ளிக்கிழமை. சார் மேஜையில் அறிக்கைத் தாள், பக்கத்தில் டிபன் பாக்ஸ். நான் நாள் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்து, சாயங்காலம் சொன்னேன். சொல்லும்போது பின்ஜன்னலைப் பார்க்காமல் சொல்ல முயன்றேன், முடியவில்லை. அங்கே மேஸ்திரி உட்கார்ந்திருந்தது.

சார் பேனாவை மூடி வைத்தார். வீட்டில் ஆறு இட்லி வைக்கிறார்கள், தன்னால் நாலுக்கு மேல் முடியாது, மிச்சம் கொண்டுபோனால் வீட்டில் மனம் கோணும் என்று மெதுவாகச் சொன்னார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

“அந்த ரெண்டு காணாமப் போச்சே, அப்பலேந்து. அதுங்க ரெண்டும் இந்த ஜன்னல்லதான் இருந்துதும்மா.”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் என் முட்டி இரண்டும் ஒருசேர வலித்தன. அவ்வளவு படியும் என்னை ஏற்றி, சுனை வரைக்கும் கூட்டிப்போய், இந்த மனிதர் தேடியது தன் ஜன்னலில் இருந்த குரங்குகளை. மலையில் காணப்படவில்லை. பொய் சொல்லவில்லைதான்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது. ஆனாலும் நான்தான் வழி சொன்னேன். வாயிலுக்கு ‘ஹார்ட்லி எனி’ போதும் சார், அலுவலகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே, விட்டுவிடலாம் என்றேன். இல்லையென்றால் பொதுவாக ‘சம்’ போடலாம், அதற்குத்தானே அது இருக்கிறது. சார் தலையாட்டினார். சரி என்கிறார் என்று நினைத்தேன். இல்லை என்றார்.

மலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சூரியன் நின்றது. சாப்பிட்டுவிட்டு எழுதலாம் சார் என்றேன். எழுதிவிட்டுத்தான் சாப்பாடு என்றார். எழுந்து அலமாரியைத் திறந்து ஏணியின் முன்னால் நின்றார். மனப்பாடமாகத் தெரிந்ததை வெகுநேரம் படித்தார். வாயிலில் உண்மை ‘ஹார்ட்லி எனி’, ஒரு படி ஏற்றினால் ‘ஃபியூ’. ‘எ ஃபியூ’ ஆகிவிடாமல் பார்த்துக்கொள் என்றார், முகம் மலரக் கூடாது. ஜன்னலில் உண்மை ‘செவரல்’. ஒரு படி ஏற்றினால் ‘மெனி’. நடு அலுவலகம் இறக்கிவிடும், ‘செவரல்’ என்று போய்ச் சேரும், ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டார். நான் தட்டச்சு செய்தேன். ‘வாயிலில் விற்பவரிடம் ஃபியூ குரங்குகள் வருகின்றன. அருகிலுள்ள அரசுக் கட்டடம் ஒன்றுக்கு மெனி குரங்குகள் வருகின்றன. அங்கே உணவு வைக்கப்படுகிறது. வைப்பவர் கீழே கையொப்பமிட்டுள்ளார்.’

கையொப்பமிட்டு நிமிர்ந்தபோது ராஜகிரியின் பின்னால் வெளிச்சம் மட்டும் இருந்தது, சூரியன் இல்லை. டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை. ஜன்னலில் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன. சார் அவற்றைப் பார்த்தார். இன்னிக்கு இல்ல என்று அவற்றிடம் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நடந்தார், நானும் பின்னால் போனேன். புளியமரத்தடியில் அஞ்சலை கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சார் பாக்ஸை நீட்டினார்.

“கொரங்குக்கு வெச்சதா சார்?”

“இல்லம்மா. எனக்கு வெச்சது.”

அவள் வாங்கி, அங்கேயே நின்று, ஆறையும் சாப்பிட்டாள். சட்னி நல்லா இருக்குது, உப்புதான் கம்மி என்றாள். என்ன எழுதினோம் என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

எங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த வாரம்தான் நடு அலுவலகத்துப் பயந்த சுபாவம் மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவருக்குப் படி இறக்கத் தெரியாது. வந்ததை வந்தபடியே முத்திரை குத்தி மேலே அனுப்பிவிட்டார். ‘செவரல்’ போக வேண்டிய இடத்துக்கு ‘மெனி’ போய்ச் சேர்ந்தது. சந்தை நாள் பஸ் ஒன்று முழுசாக மேலிடத்து மேஜையில் போய் இறங்கிவிட்டது.

கம்பிவலை வரவில்லை. இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது, வாயிலில் விற்பவர் தொடரலாம். இரண்டாவது, குரங்குகளைக் கவர்கிற மேற்படி அரசுக் கட்டடம் உடனடியாக அப்புறப்படுத்தப்பட வேண்டும். அடியில், வைக்கப்பட்ட உணவின் அளவு என்ன என்று சாருக்கு மட்டும் ஒரு விளக்கக் கேள்வி.

விளக்கத்தை நான்தான் வரைந்தேன். ‘எ லிட்டில்’ என்று போட்டேன். சிரித்த முகம் உள்ள கொஞ்சம், எவ்வளவு நீட்டினாலும் அறாது, எந்த விசாரணையும் அதில் வழுக்கி விழும். சார் வாங்கிப் பார்த்தார். அடித்தார். அதன் மேல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதினார்: ‘இரண்டு இட்லி’. வாழ்நாளெல்லாம் எண்ணுக்கு ஒளிந்து சொல்லுக்குள் வாழ்ந்த மனிதர், தன் முறை வந்தபோது வெளியே வந்து நின்றார். மேலிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு இட்லியில் கேட்பதற்கு என்ன இருக்கிறது.

ஒரு மாதத்தில் அலுவலகம் டவுனுக்குப் போனது. திண்டிவனம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியறை. அலமாரியை லாரியில் ஏற்றும்போது கதவு திறந்துகொண்டு ஏணி ஊர் பார்த்தது. மலையைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து மலை தெரியாது, யூரியா வாசனைதான் வரும். அதற்குப் பயந்து நான் இருந்தவரை பின்ஜன்னலைத் திறந்ததே இல்லை. சார் அங்கே இரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றார். கடைசி நாள்வரை டிபன் பாக்ஸில் நாலே இட்லி. வீட்டில் சொல்லிவிட்டாராம்.

இத்தனையும் கவிதாவிடம் போனில் சொல்ல முடியுமா. அவள் போன் செய்த மறுநாள் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு மலையடிவாரத்துக்கே போனேன். புளியமரம் இருந்தது, நிழல் இருந்தது, அஞ்சலை இருந்தாள். கழி மட்டும் புதுசு. எத்தனை குரங்கு இருக்கிறது என்று கேட்டேன். பொட்டலம் மடித்த கை நிற்காமல் நாற்பத்தொன்று என்றாள். வியந்துபோய், சரியாகத் தெரியுமா என்றேன். பேர் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அப்புறம் அவளே சொன்னாள், இன்னும் ரெண்டு உண்டு, ஆனால் அதுங்க இங்க இல்ல. ஆபீசு காலி பண்ணின அன்னிக்கி சாமான் லாரி மேல ஏறிக் குந்திக்கினு போனதுங்க, அதுங்களோ அதுங்க புள்ளைங்களோ, திரும்பி வரவே இல்ல.

அங்கிருந்தே கவிதாவுக்குப் போன் செய்தேன். மலையில் என்று கேட்டிருந்தால் நாற்பத்தொன்று போடு என்றேன். மொத்தம் என்று கேட்டிருந்தால் நாற்பத்து மூன்று, ஆனால் அந்த இரண்டும் எங்கே என்று கேட்பார்கள், ஜாக்கிரதை. அவள் கொஞ்சம் தயங்கினாள்.

“ரெண்டு இங்கதான் மேடம் இருக்குது. மாடிப் பின்ஜன்னல்ல. பாவமா இருக்குதேன்னு நானும் எதுனா கொஞ்சம் வெப்பேன்.”

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். மறுமுனையில் உரக்கடை லாரி ஒன்று பின்னால் போகிற சத்தம் மட்டும் கேட்டது. லாரி நின்றது.

“ரெண்டு இட்லி மேடம்.”